கார் பற்றரி கைவிடுவதற்கு முன் காட்டும் அறிகுறிகள்

செய்தி சேகரிக்க நான் அடிக்கடி போகும் படுவான்கரைக் கிராமங்களில், இரவில் பிரசவ வலி வந்தாலோ பாம்பு தீண்டினாலோ வாவியைக் கடந்து மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அங்கே படகுப்பாதைக்குக் காத்திருக்கும் நிலை இல்லை. ஆனால் அயலில் உள்ள ஒரேயொரு கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பாலம் இருந்தும் பயனில்லை.

போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத ஊர்களில் வாகனப் பற்றரியில்தான் தொலைக்காட்சி பார்த்தோம். படம் சுருங்கினால் சார்ஜ் முடியப்போகிறது என்று சிறுவர்களுக்கும் தெரியும். கார் பற்றரியும் பெரும்பாலும் அப்படித்தான், முன்கூட்டியே சொல்லிவிடும்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் பற்றரி பலவீனமாகிறது. ‘டக் டக் டக்’ என்று மட்டும் கேட்டால் சக்தி போதவில்லை. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, லைற்றும் மங்காமல் இருந்தால் ஸ்டார்ட்டரையும் பார்க்கவேண்டும்.

அடுத்தது முனைகள். அவற்றில் வெள்ளை அல்லது நீலப்பச்சைத் தூள் படிந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. வாவிக்கரை உப்புக்காற்று உலோகத்தை விரைவாக அரிக்கும். எஞ்சினை நிறுத்தி, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரால் தேய்த்துக் காயவிடுங்கள். பூட்டும்போது நெகட்டிவ் கடைசி.

பெட்டி வீங்கியிருந்தாலோ கூழ்முட்டை மணம் வந்தாலோ சார்ஜ் செய்யவோ வேறு வாகனத்தில் இருந்து வயர் கொடுக்கவோ வேண்டாம். பீடி, தீக்குச்சி அருகில் வரக்கூடாது. பற்றரியில் இருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கும்.

கராஜில் மல்டிமீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். சில மணிநேரம் ஓடாமல் நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12 வோல்ட் அளவில் இருந்தால் ஏறக்குறைய வெறுமை. எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.7 முதல் 14.7 வரை காட்டவேண்டும். அதற்குக் குறைந்தால் பழுது அல்ட்டர்னேற்றரில் இருக்கலாம். அதைத் திருத்தாமல் புதுப் பற்றரி போட்டால், அதுவும் இறங்கிவிடும், பணமும் வீண்.

குளிரைவிட வெப்பமே பற்றரியின் ஆயுளை அதிகம் தின்கிறது. எனவே மூன்று வருடம் கடந்த பற்றரியை, நன்றாக ஓடினாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். மாற்றிய பழையதை வீட்டில் உடைக்கவோ வாவியில் எறியவோ வேண்டாம். அதிலுள்ள ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பற்றரிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.