தடியத் தேவன்

17ஆம் நூற்றாண்டில் மறவர் சீமையில் கிறிஸ்துவை ஏற்ற குறுநிலத் தலைவர். தீரா நோயில் படுத்திருந்தவர், அருளானந்தர் என்னும் கிறிஸ்தவக் குரு ஜான் டி பிரிட்டோவுக்கு ஆளனுப்பினார். பிரிட்டோ அனுப்பிய உபதேசியார் நற்செய்தி வாசித்துச் செபித்தார், நோய் இறங்கியது. 1693 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளில் ஞானஸ்நானம் பெற்றார்.

ஆனால் இரக்கம் கேட்டவரிடம் மனமாற்றமும் கேட்கப்பட்டது. பல மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். நோய் நீங்கியதைவிட இதுவே அவர் விசுவாசத்தின் உண்மையான அடையாளம். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் மறவர் சீமையின் அரசர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவருடைய முறையீட்டால் பிரிட்டோ சிறைப்பட்டு, பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947இல் புனிதரானார். ஓரியூருக்கு வருவோர், அங்குள்ள சிவந்த மண்ணைப் பயபக்தியோடு கையில் அள்ளுகிறார்கள்.