புதைத்துவைத்த பெட்டிகள்

தோற்றோடும் படையொன்றின் அதிகாரி கடைசி நாட்களில் எதைக் காப்பாற்ற முனைவார்? உயிரை, குடும்பத்தை என்பீர்கள். 1945ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் ஜேர்மன் ஜெனரல் ரெயின்ஹார்ட் கெஹ்லன் காப்பாற்றியது தமது கோப்புகளை. நுண்படச் சுருள்களாக்கி, உருக்குப் பெட்டிகளில் அடைத்து, ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் அவற்றைப் புதைத்துவைத்தார்.

1902இல் ஏர்ஃபுர்ட் நகரில் பிறந்து, 1920இல் இராணுவத்தில் சேர்ந்தவர் அவர். 1942 ஏப்ரலில் கிழக்குப் போர்முனையின் புலனாய்வுப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. செஞ்சேனையின் பலமும் நகர்வும் அங்கே பதிவாயின. அத்தகவல்களில் ஒரு பகுதி போர்க்கைதிகளை விசாரித்துப் பெற்றது. ஜேர்மனியரிடம் சிக்கிய சுமார் 57 இலட்சம் சோவியத் கைதிகளில் 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் பட்டினியாலும் குளிராலும் நோயாலும் கொலையாலும் மாண்டார்கள். அந்தப் பெட்டிகளின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிடலாகாது.

எல்லாவற்றையும் முன்னறிந்தவர் என்று கெஹ்லனுக்குப் பின்னாளில் ஒரு பெயர். அது மிகை. 1944 கோடையில் எதிரியின் பெருந்தாக்குதல் தெற்கே வரும் என அவரது பிரிவு கணித்தது. வந்ததோ நடுவே, பெலோருஷியாவில். ஆனால் 1945 ஜனவரியில் அவர் விடுத்த எச்சரிக்கை சரியாகவே இருந்தது. இதை எழுதியவனைப் பைத்தியக்கார விடுதியில் அடைக்க வேண்டும் என்று ஹிட்லர் சீறியதாகத் தளபதி குடேரியன் எழுதியிருக்கிறார். ஏப்ரலில் கெஹ்லனின் பதவி பறிபோயிற்று.

மே மாதம் அமெரிக்கரிடம் சரணடைந்தார். பெட்டிகள்தாம் அவரது பேரம். அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கைதி, 1946இல் திரும்பியபோது அமெரிக்கப் பணத்தில் இயங்கும் உளவு அமைப்பொன்றின் தலைவர்! 1947 டிசம்பரில் அவ்வமைப்பு மியூனிக் அருகே புல்லாக்கில் குடியேறியது. ஹிட்லரின் செயலாளர் மார்ட்டின் போர்மன் கட்சிக்காரருக்காகக் கட்டுவித்த குடியிருப்பு அது. 1956 ஏப்ரல் 1ஆம் திகதி அதுவே மேற்கு ஜேர்மனியின் உளவுச் சேவையான பி.என்.டி. ஆனது. முதல் தலைவர் கெஹ்லன். புகைப்படக்காரருக்கு முகங்காட்டாத அவர் 'டாக்டர் ஷ்னைடர்' என்ற புனைபெயரில் நடமாடினார்.

பழைய எஸ்.எஸ். காரர்களைச் சேர்க்க அவரது அமைப்பு தயங்கவில்லை. கம்யூனிச விரோதம் இருந்தால் போதும் என்ற எண்ணம். ஹெய்ன்ஸ் ஃபெல்ஃபே அப்படி 1951இல் வந்தவர். சோவியத் உளவாளிகளைப் பிடிக்கும் பிரிவுக்கே தலைவரானார். 1961 நவம்பரில் அவர் கைதானபோதுதான் புரிந்தது: அவரே மொஸ்கோவின் ஆள். வேலியே பயிரை மேய்ந்த கதை. பழைய எஸ்.எஸ். சீருடை அவருக்கு நல்ல போர்வையாயிற்று. அவர் காட்டிக்கொடுத்த முகவர்கள் பலர். 1963இல் 14 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1969இல் கைதிப் பரிமாற்றத்தில் கிழக்கே போய்ச் சேர்ந்தார்.

கெஹ்லனின் செல்வாக்கு அதன்பின் நிமிரவேயில்லை. 1968இல் ஓய்வுபெற்று, 1971இல் தம் நினைவுகளை நூலாக்கினார். போர்மன் சோவியத்தின் உளவாளி, போருக்குப் பின் அங்கேயே வாழ்ந்தார் என்றது அந்நூல். போர்மன் கட்டிய வளவிலே இருபதாண்டு பணிபுரிந்தவரின் வாக்கல்லவா, உலகமே காதுகொடுத்தது. மறு ஆண்டு டிசம்பரில் பேர்லினில் ரயில் நிலையமொன்றின் அருகே நிலத்தைத் தோண்டியவர்கள் இரு எலும்புக்கூடுகளைக் கண்டார்கள். ஒன்று போர்மனுடையது, 1945 மே மாதமே மாண்டுபோன மனிதர். 1998இல் மரபணுச் சோதனை அதை உறுதிசெய்தது. கெஹ்லன் 1979 ஜூனில் காலமாகியிருந்தார்.