ஏழாம் மாதத்தில் தொலையும் பெயர்

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி ஏறி, முகலாயர் இந்தக் கோட்டையை எட்டு வருஷம் முற்றுகையிட்ட கதையைக் கேட்டுவிட்டுப் போவார்கள். 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இது ஏறிவிட்டது. என் வீட்டில் சொல்லப்படும் செஞ்சி வரலாறு வேறு. அது ஒரு பதிவேட்டைப் பற்றியது. அதில் அம்மாவின் பெயர் இல்லை.

அம்மா வாழ்க்கைப்பட்டது ஆரணியில். 1985இல் முதல் கர்ப்பம். அங்கிருந்த நர்சம்மா பி.பி. பார்த்து, அதிகமா இருக்கு என்று தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். ஏழாம் மாதம் வளைகாப்பு. வளையல் குலுங்க அம்மா செஞ்சிப் பக்கம் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். பதிவேடு ஆரணியிலேயே இருந்தது. கால் வீங்கியபோது, "தலைச்சனுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றாராம் பாட்டி. எட்டாம் மாதம் வலிப்பு. அம்மா பிழைத்தார். அண்ணன் பிழைக்கவில்லை.

டேட்டாபேஸ் படித்த பிறகுதான் இதில் பாட்டியைக் குறை சொல்வதை நிறுத்தினேன். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கொரு கிராம சுகாதார செவிலியர், அவர் கையில் அந்த ஊர்களின் கணக்கு. எல்லாம் சரி. ஆனால் கணக்கு ஊரின் பெயரில் இருந்தது, தலைப்பிரசவமோ தாய்வீட்டில். ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் கவனிக்கப்பட வேண்டிய கடைசி மாதங்களில்தான் பெண் ஒரு பதிவேட்டிலிருந்து விழுந்து, இன்னொன்றில் ஏறாமல் நிற்பாள். வளைகாப்பை யாரும் சிஸ்டம் டிசைனில் சேர்க்கவில்லை.

2008இல் தமிழக அரசு பிக்மி என்ற கணினிப் பதிவைத் தொடங்கியது. அதில் எண் பெண்ணுக்கு. இப்போது அது 12 இலக்கம். அடுத்த ஆண்டே மத்திய அரசும் நாடு முழுக்க இதேபோல் ஒன்றைக் கொண்டுவந்தது. இங்கே எண் வேகமாகப் பரவியதற்குத் தொழில்நுட்ப ஆர்வம் காரணமில்லை, பணம்தான். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000. இன்று அதை வாங்கவும் பிக்மி நம்பர் வேண்டும்.

தமிழகத்தில் லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் மரணம் 2010–12இல் 90, 2018–20இல் 54. இதை மென்பொருளின் சாதனை என்று சொன்னால் அது எங்கள் தொழிலின் வழக்கமான பீற்றல். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108, ஒவ்வொரு தாய் மரணத்தையும் உட்கார்ந்து விசாரிக்கும் பழக்கம், இவையெல்லாம் இல்லாமல் எண் வெறும் எண்தான். தவிர, அந்த எண்ணுக்குப் பின்னால் தட்டச்சு செய்கிற கை ஒன்று இருக்கிறது. பகலில் ஊர் சுற்றி, நோட்டில் எழுதி, ராத்திரி நெட்வொர்க் கிடைக்கும்போது அதையே மறுபடி ஏற்றும் கை. அந்த ஸ்கிரீனை வடிவமைத்த எங்களில் ஒருத்தராவது அவரோடு ஒரு நாள் நடந்திருக்கலாம்.

2019இல் அக்கா சென்னையிலிருந்து ஏழாம் மாதம் செஞ்சிக்கு வந்தாள். மறுவாரம் நர்சம்மா வாசலில் நின்றார். தோளில் பை, ஒரு கையில் டேப், இன்னொரு கையில் நீள நோட்டு. நம்பரைக் கேட்டார், தட்டினார், கொஞ்ச நேரம் சுற்றியது.

"மெட்ராஸ்ல பி.பி. ஜாஸ்தின்னு போட்டிருக்காங்களேம்மா, மாத்திரை போடுறியா?"

அக்கா பதில் சொல்வதற்குள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் சொம்பு நிறைய மோர் இருந்தது. நர்சம்மா டேப்பைத் திண்ணையில் வைத்துவிட்டு, அதே எண்களை நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார்.