ரேடியத்தின் வட்டி: டாக்டர் ராமையா நாயுடு



திருவொற்றியூரில் இருக்கும் என் அக்காவுக்குப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு 'கரண்ட்' வைத்தார்கள். ஐந்து வாரம் ஆட்டோவில் கூட்டிப்போய் வந்தேன். ஒருநாள் திரும்பி வந்து இறங்கும்போது, எதிர்வீட்டு அம்மாள் தன் பேரனைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "கரண்ட் வெச்ச உடம்பு, குழந்தைக்கு ஆகாது" என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாசலில் உட்காருவதை விட்டுவிட்டார்.

எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. பி.காம். படித்து, வங்கியில் லெட்ஜர் பார்த்தவன் நான். அதன்பின் தேடிப் படித்தபோது கிடைத்த பெயர்தான் டாக்டர் ராமையா நாயுடு.

அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளியில் பிறந்தவர். பாரிஸில் மேரி கியூரியின் ஆய்வுக்கூடத்தில் பயின்றார். ஆல்ஃபா கதிர் வாயுக்களில் செல்லும்போது வழியில் எங்கே, எவ்வளவு சக்தியை இறக்குகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி, 1934-ல் வெளியானது. பார்க்க வெறும் அணு இயற்பியல். ஆனால் புற்றுநோய் சிகிச்சைக்கும் அடிப்படைக் கேள்வி அதுவே: கதிரின் சக்தி கட்டியில் எவ்வளவு இறங்கும், பக்கத்து நல்ல சதையில் எவ்வளவு?

அதே 1934-ல் மேரி கியூரி ரத்தச் சோகை நோயால் இறந்தார். பல வருஷம் பாதுகாப்பில்லாமல் கதிர்களோடு பழகியதே காரணம் என்பார்கள். ஆகவே கதிரைக் கண்டு பயப்படுவது மூடத்தனம் அல்ல. அதை அளந்து கையாள ஆள் வேண்டும். அந்த வேலையை இந்தியாவில் தொடங்கிவைத்தவர் நாயுடு. 1941 பிப்ரவரி 28-ல் பம்பாயில் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனையில் இயற்பியல் பிரிவை உருவாக்கினார். அங்கே ரேடான் ஆலையை அமைத்தார்.

அந்த ஆலை வேலை செய்யும் விதம் எங்கள் வங்கிக்காரர்களுக்கு எளிதில் புரியும். ரேடியம் என்பது ஃபிக்சட் டெபாசிட். பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். அதிலிருந்து ரேடான் என்ற வாயு ஊறிக்கொண்டே இருக்கும், அது வட்டி. அசல் பத்திரமாகப் பெட்டகத்தில் இருக்க, வட்டியை மட்டும் எடுத்து, மெல்லிய தங்கக் குழாயில் அடைத்து, சிறுசிறு துண்டுகளாக நறுக்கிக் கட்டிக்குள் பதிப்பார்கள். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். தேய்மானக் கணக்கில் ரிட்டன் டவுன் வேல்யூ முறை போல, ஒவ்வொரு 3.8 நாளுக்கும் மீதியில் பாதி கழியும். ஒரு மாதத்தில் நூற்றில் அரைப் பங்குகூட மிஞ்சாது.

1950-களில் கோபால்ட்-60 வந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் வந்தது. அதன் அரை ஆயுள் 5.27 வருஷம். 1962-ல் டாடா மருத்துவமனையே அணுசக்தித் துறையின் பொறுப்புக்குப் போனது. இன்று உள்கதிர் சிகிச்சைக்குப் பயன்படும் இரிடியம்-192 நம் பகுதிக்குப் புதிதல்ல. எண்ணூர், மணலி போன்ற ஆலைப் பகுதிகளில் குழாய் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று படம் எடுப்பதும் அதை வைத்துத்தான்.

இனி அக்கா விஷயம். அவருக்குக் கொடுத்தது லீனியர் ஆக்சிலரேட்டர். அது மின்சாரத்தில்தான் எக்ஸ்-கதிரை உண்டாக்குகிறது. 'கரண்ட்' என்று நம் ஜனங்கள் சொல்வது இதற்குப் பொருத்தமே. சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும். டார்ச் அடித்த சுவரில் வெளிச்சம் தங்காது. அதுபோல உடம்பிலும் எதுவும் தங்காது. கோபால்ட் கருவியில் வெளியிலிருந்து சிகிச்சை பெற்றவர்களுக்கும் இதேதான். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர்கள் போன்றோர் சில நாள் தள்ளியிருக்க வேண்டும். அதை மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்புவார்கள்.

எதிர்வீட்டு அம்மாளிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். பேரன் இன்னும் வரவில்லை. அக்காவும் வாசலுக்கு வரவில்லை.

மருத்துவ இயற்பியலாளர் சங்கம் நாயுடு பெயரில் நினைவுச் சொற்பொழிவு நடத்துகிறது. நாம் அவ்வளவு செய்ய வேண்டாம். நம் பிளாக்கில் யாராவது சிகிச்சை முடிந்து திரும்பினால், அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்காமல் அவரோடு ஏறுங்கள். அது போதும்.