கல்லச்சில் ஒளியும் நிழலும்

கல்லச்சு என்னும் லித்தோ, சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புப் பசையுள்ள மையால் வரைந்து தாளில் படியெடுக்கும் முறை. 1790களின் பிற்பகுதியில் பவாரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் இதைக் கண்டுபிடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புறக்காட்சியைவிட மனநிலையைச் சித்தரித்த ஐரோப்பியக் குறியீட்டியக் (சிம்பாலிசக்) கலைஞர்கள் இதைக் கறுப்பு வெள்ளைக் கலையாக்கினர். இருபதாம் நூற்றாண்டில் சிவகாசி இதையே வண்ணத் தொழிலாக வளர்த்தது.

நுட்பம்

கல்லின் முகத்தை மணலும் நீரும் இட்டுத் தேய்த்தால் நுண்ணிய சொரசொரப்பு உண்டாகும். கொழுப்புள்ள மைக்கோலால் வரைந்தால் மை மேடுகளில் மட்டும் ஒட்டும்; பள்ளங்கள் வெளுப்பாக நிற்கும். அழுத்தி வரைந்தால் நிழல் கனக்கும், மெல்ல வரைந்தால் சாம்பல் நிறம் வரும். பிறகு கருவேலம் பிசினும் சிறிது நைட்ரிக் அமிலமும் கலந்து பூசுவார்கள். ஈரக்கல்லில் மை உருளையை ஓட்டினால் கோடு மையை ஏற்கும், வெற்றிடம் விலக்கும். ஆக, இங்கே நிழல்தான் வரையப்படுகிறது. ஒளி என்பது மை படாத தாள். கறுப்புக்குள் ஒளி வேண்டுமானால் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும்.

குறியீட்டியம்

இந்த இயல்பை முழுதும் பயன்படுத்தியவர் பிரெஞ்சு ஓவியர் ஓடிலோன் ரெடோன் (1840–1916). அவரது முதல் கல்லச்சுத் தொகுப்பு 1879இல் வெளிவந்தது. மிதக்கும் தலைகளும் தனித்த கண்களும் அடர்ந்த இருளிலிருந்து எழும். அவற்றின் மேல் விழும் ஒளிக்கு விளக்கோ சூரியனோ காரணமில்லை. அது மனத்தின் ஒளி. எட்வர்ட் மூங்க் தமது ‘அலறல்’ ஓவியத்தை 1895இல் கறுப்புக் கல்லச்சாக்கினார். கல்லச்சுக்கு வெளியே, பெலிக்ஸ் வலோட்டோன் மரச்செதுக்கு அச்சில் இடைச்சாயலையே நீக்கி, கறுப்பையும் வெள்ளையையும் நேருக்கு நேர் நிறுத்தினார்.

இந்தியா

வங்கத்தில் ககனேந்திரநாத் தாகூர் (1867–1938) 1917இல் கேலிச்சித்திரக் கல்லச்சுத் தொகுப்புகளை வெளியிட்டார். அவரிடம் கறுப்பு, சமூகத்தைக் கிண்டல் செய்யும் கருவியானது. அதற்கு முன்பே, 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் தெய்வப் படங்களை வண்ணக் கல்லச்சில் வீடுதோறும் சேர்த்திருந்தது. சிவகாசி தொடர்ந்தது இந்த இரண்டாம் வழியை.

சிவகாசி

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. அச்சுத் தொழில் அதன் பின்னே வளர்ந்தது. பட்டாசு உறையும் காலண்டரும் அடுத்தடுத்து வந்தன. வண்ண லித்தோவில் நிறத்துக்கு ஒரு கல். மூலப் படத்தைக் கண்ணாலேயே நிறம் பிரித்து, புள்ளி வைத்துச் சாயல் ஏற்றுவது கைத்திறன்.

காலண்டர் படங்களின் நிழல் முறைக்கு வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகத் திரைச்சீலைகள் வரைந்தவர். அவர் மரபில் நிழல், கன்னத்தையும் தோளையும் திரட்டிக் காட்டும் அளவோடு நின்றுவிடும். பூசைக்குரிய முகத்தில் இருள் தங்கக்கூடாது. ரெடோனிடம் உருவம் இருளிலிருந்து வெளிப்பட்டது. இங்கே உருவமே ஒளியின் ஊற்று.

பின்னாளில் ஆப்செட் எந்திரம் கல்லை அகற்றியது. சாயலைக் கேமராவும் புள்ளித்திரையும் பிரித்துக் கொடுத்தன. எங்கே எவ்வளவு கறுப்பு என்ற முடிவு லித்தோ ஓவியரின் கையை விட்டுப் போனது. அந்த முடிவைக் கலைஞரே எடுக்கும் அச்சோவியம், தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் போன்றோரின் பட்டறைகளில் தொடர்ந்தது.