இலவச விசா

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைமாற்றிக்கொண்ட கடிதங்களைப் பற்றி நம் பாடநூல்கள் பேசும்பொழுது, எண்களையே பேசுகின்றன. மலைநாட்டில் நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். மாணவர் இவ்வெண்களை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெறுகின்றனர். ஆனால் அக்கடிதங்களில் எண்களைவிடக் கூர்ந்து படிக்கவேண்டிய வாசகங்கள் வேறு உள. இந்தியாவுக்கு அனுப்பப்பட இருப்போர், தம் முறை வருமட்டும் இந்நாட்டில் வசிப்பதற்கு “இலவச விசா” பெறுவர் என்பது ஒன்று. அன்று தொழில் செய்துகொண்டிருப்போர், அனுப்பப்படும் நாள்வரை அல்லது ஐம்பத்தைந்து வயதுவரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை, தொழிலில் நீடிக்கலாம் என்பது மற்றொன்று.

தான் பிறந்த லயத்தில், தன் தாய் கொழுந்து கிள்ளிய மலையில், தன் பாட்டனைப் புதைத்த மண்ணில் வாழ்வதற்கு ஒருவனுக்கு விசா! அதுவும் கட்டணமின்றி!

கல்முனைக் கரையில் வாழும் நமக்கு இச்சொல் புதிதன்று. சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் எந்தத் தேநீர்க்கடையிலும் ‘பிறீ விசா’ என்ற பேச்சைக் கேட்கலாம். பெயர் இலவசம், விலையோ பல லட்சம். வளைகுடா நாடொன்றின் குடிமகன் தன் பெயரில் விசா எடுத்துக் கொடுப்பான், அவன் கபீல். வேலை மட்டும் அவனிடம் இல்லை. போனவன் வெளியே கிடைத்த வேலையைச் செய்து, ஆண்டுதோறும் இக்காமா புதுப்பிக்கும்பொழுது கபீலுக்குக் கப்பம் கட்ட வேண்டும். கபீல் அல்லாத வேறிடத்தில் வேலை செய்யும்போது பிடிபட்டால் குற்றம் போனவனுடையதே. நம் வீடுகளின் சீமெந்துச் சுவர்களும் பெண்மக்களின் சீதன வீடுகளும் இந்தக் கடதாசியின் மீது கட்டப்பட்டவை. ஆகவே, அந்நியத் தொழிலாளருக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் ஆகிய வித்தையை நம் நாடே ஒரு காலத்தில் எவ்வாறு பயின்றது என்பதை அறிந்துகொள்ளும் கடமை நமக்கு மற்றவரைவிட அதிகம்.

கோப்பிக் காலத்தில் தோட்டத்துரைமார் வேண்டியது பருவகால உழைப்பு. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மடிந்தோர் எத்தனையோ பேர். அறுவடை முடிந்ததும் திரும்பிப் போவோர் என்பதால் அவர்களைக் குடிமக்களாக எண்ண வேண்டிய அவசியம் எவருக்கும் எழவில்லை. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. பின்னர் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். கிள்ளுவதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும். உற்பத்தி முறை நிரந்தரமாயிற்று. சட்டத்தின் பார்வையில் மட்டும் உழைப்பாளி தற்காலிகமாகவே நின்றான். இந்த முரண்பாடே பின்வந்த எல்லாவற்றுக்கும் வேர்.

அக்காலத்தில் ‘துண்டு’ என்றொரு கடதாசி இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுப்பது. துண்டில்லாதவனை வேறு தோட்டம் சேர்க்காது. 1921இல் இம்முறை ஒழிக்கப்பட்டது. நூறாண்டு கழித்து, கபீலிடம் ‘ரிலீஸ்’ கேட்டு நிற்கும் நம் ஊர் இளைஞனுக்குத் துண்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

‘அந்நியன்’ என்ற சொல் எவ்வளவு தூரம் பாயும் என்பதை முஸ்லிம்கள் 1915இலேயே கண்டனர். கம்பளைப் பள்ளிவாசல் வீதியில் பெரஹர மேளம் பற்றி எழுந்த பிணக்கு, தென்னிந்தியாவிலிருந்து வந்த கரையோரச் சோனகர் மீது மூண்ட வியாபாரப் பகையோடு கலந்து கலவரமாயிற்று. வந்தேறி வியாபாரிகள் மீதுதான் கோபம் என்றனர். ஆனால் கடைக்கு நெருப்பு வைத்தவன், உள்ளே இருப்பவன் இலங்கைச் சோனகனா இந்தியச் சோனகனா என்று பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை.

1930களின் பொருளாதார மந்தம் இச்சொல்லுக்குப் புதிய வலு கொடுத்தது. 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தையும் 1929ஆம் ஆண்டின் டிராம் வண்டித் தொழிலாளர் போராட்டத்தையும் நடத்திய ஏ. ஈ. குணசிங்க, எல்லா இனத் தொழிலாளரையும் ஒரே கொடியின்கீழ் திரட்டியவர். அவரே, வேலை அருகிய காலத்தில், மலையாளத் தொழிலாளருக்கெதிரான கிளர்ச்சியின் தலைவரானார். தொழிலாளியின் பசியை முதலாளியிடமிருந்து திருப்பி இன்னொரு தொழிலாளியின்மேல் ஏவுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று நம் தொழிற்சங்க வரலாற்றில் இல்லை.

1937இல் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர், தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார் என்பதற்காக, அவரை நாடுகடத்த ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். நாடே கொதித்தது. அரசாங்க சபை கண்டித்தது. உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நல்லது, அது பெருமைக்குரிய அத்தியாயம். இரண்டே ஆண்டுகளில், 1939இல், அதே அரசாங்க சபையின் காலத்தில், போக்குவரத்து மராமத்து அமைச்சராயிருந்த ஜோன் கொத்தலாவலையின் முனைப்பில், அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியத் தொழிலாளரை நீக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ரயில்வேயிலும் வீதிகளிலும் உழைத்து உருக்குலைந்தோர், சேவைக்காலம் குறைவெனில் நீக்கம், அதிகமெனில் பணம் பெற்றுக்கொண்டு ‘விரும்பி’ வெளியேறல் என்று பிரிக்கப்பட்டனர். நேரு அந்த ஜூலையில் கொழும்புக்கு வந்து பேசிப் பார்த்தும் பயனில்லை. அவ்வருகையின்போது இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஓகஸ்ட் 1 முதல் இந்திய அரசு, தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதையே தடை செய்தது. தன் மக்களின் மானத்தைக் காக்கவே இந்தியா அவ்வாறு செய்தது எனலாம். ஆனால் தாயின் மரணச் சடங்கிற்காக ஊருக்குப் போன தோட்டத் தொழிலாளி மீண்டும் தன் லயத்துக்கு வரமுடியாமற் போனதும் அத்தடையாலேயே. இரண்டு அரசுகள் மோதும்போது நசுங்குவது கூலிக்காரனின் விரல்.

சுதந்திரத்தின் பின் வந்த சட்டங்கள் இரண்டு வகையின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், யார் இந்நாட்டவர் என்று வரையறுத்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம், மற்றையோர் எவ்வாறு நுழையலாம், எத்தனை காலம் தங்கலாம் என்று வரையறுத்தது. முதலாவது பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது பற்றிக் குறைவு. ஆயினும் ஒன்று கத்தியெனில் மற்றது அதன் பிடி. முதற்சட்டம் ஒருவனை அந்நியனாக்கும். இரண்டாவது சட்டம் அந்த அந்நியனைத் தற்காலிக வதிவிட அனுமதிப்பத்திரத்தோடு கந்தோர் வாசலில் நிறுத்தும். தோட்டத்துக்கு வெளியே புறக்கோட்டைக் கடைச் சிற்றாளும் கணக்கப்பிள்ளையும் சமையற்காரனும், அவர்களில் இந்தியச் சோனகர் பலரும், இந்த அனுமதிப்பத்திரத்தின் காலக்கெடுவை எண்ணியே வாழ்ந்தனர்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் கதவைச் சிறிது திறந்ததாகச் சொல்லப்பட்டது. விவாகமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகளும், விவாகமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இங்கு வசித்தமையை நிரூபிக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால் சங்கிலி அறுந்தது. ஏறத்தாழ 8,24,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. வாடகைப் பற்றுச்சீட்டும் பாடசாலைப் பதிவும் இல்லாத லயத்து வாழ்க்கைக்கு எவன் சாட்சி சொல்வான்?

நம்மவர் அன்று எங்கே நின்றனர்? ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக ஒரு தலைமுறைக்குக் கல்வியூட்டிய ரீ. பி. ஜாயா அவ்வமைச்சரவையில் தொழில் அமைச்சர். ஜீ. ஜீ. பொன்னம்பலமும் 1948இல் அதே அமைச்சரவையிற் சேர்ந்தார். இடதுசாரிகளும் செல்வநாயகமும் எதிர்த்து நின்றனர். இனத்துக்கு இனம் பார்த்து நன்மை தேடும் அரசியலில் கூலிக்காரனின் இனம் என்பதொன்று கணக்கில் வருவதில்லை.

அதே 1949இல் நம் மாவட்டத்தில் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. இங்கினியாகலையில் அணை கட்ட அமெரிக்காவின் மொறிசன் நட்சன் கம்பனி வந்தது. பொறியியலாளரும் இயந்திரம் ஓட்டுவோரும் கடல் கடந்து வந்து, வேலை முடிந்ததும் போயினர். அவர்களும் அந்நியத் தொழிலாளரே. எனினும் அவர்களை ‘நிபுணர்’ என்றனர். அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தின் நிழல் அவர்கள் மேல் விழவில்லை. அந்நியன் என்ற சொல் தேசத்தைக் குறிப்பதாகத் தோன்றினும் உண்மையில் கூலியைக் குறிப்பது.

1964இன் கசப்பு இடதுசாரிகளுக்கு உரியது. 1948இல் பாராளுமன்றத்தில் அச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஜூனில் கூட்டரசில் சேர்ந்தது, கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சரானார். நான்கு மாதங்கழித்து ஒப்பந்தம். ஒரு குடும்பம் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படும் சொத்தின் உச்சவரம்பை நாலாயிரம் ரூபாவுக்குக் கீழே இறக்குவதில்லை என்பதே அதிலிருந்த தாராளம்! சேமலாப நிதியும் பணிக்கொடையும் அதற்குள் அடக்கம். அதே ஆண்டு முடிவில் அமெரிக்கா, மெக்சிக்கோ விவசாயக் கூலிகளைத் தற்காலிகமாக எடுக்கும் ‘பிராசேரோ’ ஏற்பாட்டை 22 ஆண்டுகளின் பின் நிறுத்தியது. தற்காலிக உழைப்பு அலுத்துவிட்டால் மனிதனைப் பொதிசெய்து அனுப்பும் வழக்கம் ஏழை நாட்டுக்கும் பணக்கார நாட்டுக்கும் பொதுவானது.

பதினைந்து ஆண்டுகளில் எதுவும் முடியவில்லை. 1983இன் வன்செயலையும் யுத்தத்தையும் அடுத்து, 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டோடு புறப்படாமல் நின்றோரும், எந்தக் கடவுச்சீட்டும் இல்லாமல் நின்றோரும் மலையிலேயே இருந்தனர். 1988இல் ஒரு சட்டமும் 2003இல் மற்றொரு சட்டமும் வந்த பின்னரே அவர்களின் நாடற்ற நிலை பெரும்பாலும் தீர்ந்தது.

அதற்குள் நம் கரை வளைகுடாவை நோக்கித் திரும்பிவிட்டது. 1977இன் திறந்த பொருளாதாரத்தில் மருதமுனைத் தறிகள் தளர்ந்தன. யுத்தம் வயற்கண்டங்களுக்குப் போகும் வழியை அடைத்தது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குச் சட்டம் பிறந்தது. அரசே ஆள் அனுப்பும் தொழிலை ஒழுங்குபடுத்தத் தொடங்கிற்று. 2013இல், மூதூரிலிருந்து சிறுவயதிலேயே, வயதைக் கூட்டிய கடவுச்சீட்டோடு அனுப்பப்பட்ட ஓர் ஏழைப் பெண் சவுதியில் சிரச்சேதம் செய்யப்பட்ட பின், சிறு பிள்ளைகளை உடைய தாய்மாருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாயிற்று. 2022இல் டொலர் வற்றியதும் அவ்விதிகள் தளர்த்தப்பட்டன. தந்தைமாரிடம் அத்தகைய அறிக்கையை எவரும் என்றும் கேட்டதில்லை. 2020இல் 700 கோடி டொலரைத் தாண்டிய வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2022இல் 400 கோடிக்குக் கீழே விழுந்தபோது, எரிபொருள் வரிசையில் நின்ற நாடு முழுவதும், தான் யாருடைய வியர்வையில் ஓடுகிறது என்பதை உணர்ந்தது.

போன இடத்திலோ கதவு ஒடுங்குகின்றது. சவுதி 2011 முதல் ‘நிதாகத்’ என்ற திட்டத்தால் கம்பனிகளை நிறம் பிரித்து, சொந்த நாட்டவர் தொகை குறைந்த இடங்களில் அந்நியருக்கான அனுமதியை இறுக்கியது. குவைத், பட்டமில்லாத அறுபது வயதினரின் வேலை அனுமதியை 2021 முதல் புதுப்பிக்க மறுத்தது. 2022இல், பெருங்கட்டணம் கட்டக்கூடியவர்க்கு மட்டும் வழிவிட்டது. ஒப்பந்தத்தில் ஐம்பத்தைந்து, ஆணையில் அறுபது. ஐந்து வயதைக் கூட்டியதே அறுபது ஆண்டுகளின் முன்னேற்றம்! சொந்த நாட்டு இளைஞருக்கு வேலை வேண்டும் என்று அங்கே சொல்லப்படும் நியாயம் பொய்யன்று. 1939இல் கொழும்பில் சொல்லப்பட்டதும் முற்றும் பொய்யன்று. வேலையில்லாத சிங்களத் தொழிலாளியின் பட்டினி மெய்யானது. அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய தோட்டக் கம்பனியும் வங்கியும் அந்த விவாதத்திலிருந்து தந்திரமாக நழுவிக்கொண்டன என்பதே குறை.

1990 டிசம்பர் 18ஆம் திகதி, புலம்பெயர் தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தினர்க்குமான உரிமைப் பட்டயத்தை ஐக்கிய நாடுகள் சபை ஏற்றது. இலங்கை 1996இல் அதில் சேர்ந்தது. வளைகுடா அரசுகளில் ஒன்றேனும் சேரவில்லை. சேர்ந்தவை பெரும்பாலும் ஆள் அனுப்பும் நாடுகளே. கபீலிடம் சிக்கிய தம்பிக்காக நாம் அப்பட்டயத்தைக் கையில் எடுக்கிறோம், எடுக்கத்தான் வேண்டும். அதே பட்டயம், இலங்கைக்கு வந்து இங்குள்ள கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் அந்நியனையும் காக்கும்படி நம் அரசைக் கட்டியிருக்கிறது.