அனுப்பிய போட்டோ எங்கே போகுது? எம்.எம்.எஸ். பற்றி தெரிஞ்சுக்குங்க!

காடாம்புலியூர்:

"போட்டோ அனுப்பிட்டேன்னு சொல்றான்... எனக்கு வரவே இல்லையே!" எம்.எம்.எஸ். அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இந்தப் புலம்பல் புதுசு இல்லை. காரணம், படம் ஒரு செல்போனில் இருந்து இன்னொரு செல்போனுக்கு நேராகப் போவதில்லை.

முந்திரி மூட்டை மாதிரி

காடாம்புலியூர் முந்திரி வியாபாரி லாரி பார்சலில் மூட்டை அனுப்பினால் அது பார்சல் ஆபீசில் இறங்கிக் கிடக்கும். "சரக்கு வந்திருக்கு, எடுத்துக்குங்க" என்று வாங்குபவருக்கு தகவல் மட்டும் போகும். எம்.எம்.எஸ்.சும் அப்படித்தான்.

அனுப்பிய படம் முதலில் செல்போன் கம்பெனியின் எம்.எம்.எஸ். மையத்துக்குப் போகும். வேறு கம்பெனி நம்பர் என்றால் அந்தக் கம்பெனியின் மையத்துக்கு மாறும். அங்கிருந்து பெறுபவரின் போனுக்கு கண்ணுக்குத் தெரியாத ஒரு எஸ்.எம்.எஸ். வரும். அதில் படம் இருக்கிற இடத்தின் முகவரி மட்டும் இருக்கும். அதைப் பிடித்து போனே டேட்டா மூலம் படத்தை இறக்கிக்கொள்ளும்.

எஸ்.எம்.எஸ்.சில் ஆங்கிலத்தில் 160 எழுத்துதான் அடங்கும். எம்.எம்.எஸ்.சில் பொதுவாக 300 கே.பி. வரை படம், பாட்டு, வீடியோ போகும்.

ஏன் வரலை?

பெறுபவர் போனில் டேட்டா இல்லாவிட்டாலோ, எம்.எம்.எஸ். செட்டிங்ஸ் தப்பாக இருந்தாலோ படம் இறங்காது. கெடு நாள் தாண்டினால் மையத்தில் இருந்தே அழிந்துவிடும்.

போனது போனதுதான்!

படம் இறங்கிவிட்டால் திருப்பி வாங்க வழியில்லை. டெல்லியில் 2004-ல் பள்ளி மாணவர் செல்போனில் எடுத்த ஆபாச வீடியோ எம்.எம்.எஸ்.சில் பரவியது. அது பாஜி டாட் காம் இணையதளத்தில் விற்பனைக்கே வந்துவிட்டது. அந்த டிசம்பரில் அதன் தலைமை அதிகாரி அவ்னிஷ் பஜாஜ் கைதானார். நாடே அதிர்ந்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008-ல் திருத்தப்பட்டு, 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்பைப் படம் எடுத்தாலோ, அனுப்பினாலோ 66-இ பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

இப்போது எல்லார் கையிலும் வாட்ஸ்அப். அதில் அழிக்கும் வசதி உண்டு. ஆனால் அதற்குள் எதிராளி நாலு பேருக்குத் தள்ளிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

உங்கள் படத்தை யாராவது பரப்பினாலோ, மிரட்டினாலோ பயந்து பணம் கொடுக்காதீங்க. மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்க.